தறிகள் நின்ற தெருவில் ஒரு டைப்ரைட்டர்

மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து என் மகனை வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று, அருப்புக்கோட்டையில் எங்கள் தெருவில் ஒரு தறிகூட ஓடவில்லை. வாடகைக் காரைத் தெருமுனையிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டு, என் கணவர் அவனைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு நடந்தார். வாசல்தோறும் ஆட்கள் நின்றிருந்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. சின்னப் பிள்ளைகளின் வாயைப் பெரியவர்கள் கையால் பொத்தியிருந்தார்கள். சத்தம் ஆகாது என்று டாக்டர் சொன்னது எங்களுக்கு முன்னால் ஊர் வந்து சேர்ந்துவிட்டது. அந்த அமைதியைக் கண்டு எனக்கு அழுகை வந்தது. இத்தனை பேர் நமக்காக வேலையை நிறுத்தியிருக்கிறார்களே என்ற அழுகை.

எங்களுடையது நெசவாளர் தெரு. வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். இங்கே நான் எழுதும் பேச்சில் பாதி தெலுங்கில் பேசியதுதான். என் கணவர் தரைக்குழிக்குள் கால்விட்டு உட்கார்ந்து ஓட்டும் குழித்தறியில் சேலை நெய்வார். நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவள். எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு பழைய தமிழ் மிஷின் இருந்தது. திருச்சுழியிலும் அருப்புக்கோட்டையிலும் இருந்த பத்திர எழுத்தர்களும் மனு எழுதுகிறவர்களும் தாளைக் கொடுத்தனுப்புவார்கள். நான் அடித்துக் கொடுப்பேன். மழை பொய்த்த வருடங்களில் மனுக்கள் அதிகம் வரும். எழுபதுகளின் தொடக்கத்தில் அப்படிப்பட்ட வருடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கண்மாயைத் தூர் வாரச் சொல்லி ஒரு ஊர், குடிக்கக் கிணறு கேட்டு இன்னொரு ஊர்.

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே சுவர். அந்த வீட்டுப் பெரியவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். உறவு தூரம்தான். தெருவிலேயே பழைய தறி அவருடையது, ஓங்கி அடிப்பார். அப்படி அடிக்கிறவருக்கு என் மிஷின் சத்தம் பிடிக்காது.

"ஏம்மா, உன் மிசினுக்குத் தாளமே கிடையாதா? தறியப் பாரு, இந்தா வாரேன், இந்தா வாரேன்னு சொல்லிட்டு அடிக்குது. உன்னுது சண்டைக்காரி மாதிரி, எப்ப கத்தும்னே தெரியல."

"இத்தன தறிச் சத்தத்துல என் மிசினு உங்களுக்குக் கேக்குதா மாமா?"

"தறி எனக்கு எங்க கேக்குது? உன்னுதுதான் கேக்குது. வரிக்கு வரி மணி வேற. ஐஸ் வண்டின்னு நெனச்சு எம் பேரன் வாசலுக்கு ஓடுறான்."

நான் சிரித்துவிட்டு மறுபடி அடிக்க உட்காருவேன். அவர் சொன்னதில் இருந்த விஷயம் அப்போது எனக்குப் புரியவில்லை.

மகன் எனக்கு நாற்பதை நெருங்கும்போது பிறந்தவன். அவனுக்கு முன்னால் இரண்டு தங்கவில்லை. அதனால் அவனை வெயிலில் விடமாட்டேன், மழையில் விடமாட்டேன் என்று தெருவே என்னைக் கேலி செய்யும். வறண்ட கண்மாய்க்குள் விளையாடப் போனவன் பாதத்தில் சீமைக் கருவேல முள் ஏறியது. அந்தப் பக்கத்தில் முள் ஏறாத பாதம் கிடையாது. ஊசியால் நெம்பி எடுத்துவிட்டு எருக்கம்பாலை வைத்தோம். புண்ணும் ஆறிவிட்டது. பிறகு ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தவன், "அம்மா, வாயத் தொறக்க முடியல" என்றான். பொய் சொல்லுகிறான் என்றுதான் நினைத்தேன். அன்று குழம்பு அவனுக்குப் பிடிக்காத குழம்பு.

ரண ஜன்னி என்றார்கள், டெட்டனஸ். ஆஸ்பத்திரியில் ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டிய அறை. வெளிச்சம் ஆகாது, தொடக் கூடாது, எல்லாவற்றுக்கும் மேலாகச் சத்தம் ஆகாது. யாராவது தும்மினால்கூட அவன் முதுகு வில்லாக வளையும். தலையும் குதிகாலும்தான் கட்டிலில் இருக்கும். பல் கிட்டித்துக்கொள்ளும். முகம் மட்டும் சிரிப்பது போல இழுத்துக்கொள்ளும். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு அவன் உண்மையாகச் சிரிக்கும்போதும் முதலில் அவன் முதுகைத்தான் பார்ப்பேன். இன்றுவரை அப்படித்தான்.

அதே அறையில் பரளச்சிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் குழந்தையும் இருந்தது. காட்டில் களை எடுக்கும்போது காலில் கொத்து பட்ட குழந்தை. அதன் அம்மா விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுப் பெண். என்னைவிட ரொம்பச் சின்னவள். இருட்டுக்குள் நாங்கள் இரண்டு பேரும் சைகையில்தான் பேசிக்கொள்வோம். வராண்டாவுக்கு வந்தால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம் புள்ளைக்கு நேத்தைக்கு இன்னைக்குத் தேவலக்கா. கஞ்சி ரெண்டு கரண்டி இறங்குச்சு" என்பாள். ஒரு நாள் மத்தியானம் வராண்டாவில் யார் கையிலிருந்தோ தூக்குச் சட்டி மூடி தவறி விழுந்து, சிமெண்டுத் தரையில் சுற்றிச் சுற்றி ஆடி அடங்கியது. இரண்டு பிள்ளைகளும் வளைந்தார்கள். என் பிள்ளை மெல்லத் தளர்ந்து கட்டிலில் இறங்கினான். அந்தக் குழந்தை இறங்கவில்லை. மூச்சு அப்படியே நின்றுவிட்டது.

அவள் அழவில்லை. என் பிள்ளை பக்கம் கையைக் காட்டி, வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். வராண்டாவைத் தாண்டி, வெளி வாசலையும் தாண்டிய பிறகுதான் அவள் குரல் கேட்டது.

ஆகவே, சத்தத்துக்குப் பயந்தேன் என்றால் நான் எதை நினைத்துப் பயந்தேன் என்பது தெரிந்திருக்கும்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: "கண்டம் தாண்டிட்டான்னுதாம்மா நெனைக்கிறேன். விறைப்பு முழுசாப் போக நாளாகும். அதுவரைக்கும் திடீர்னு ஒரு சத்தம் ஆகாது. மறுபடி வளைஞ்சான்னா பாத்துக்கிட்டு இருக்காதீங்க, தூக்கிட்டு வந்துருங்க." தூக்கிக்கொண்டு வருவதற்கு மதுரை பக்கத்துத் தெருவில் இல்லை. அதை அவரும் அறிவார்.

உள்ளறையில் அவனைக் கிடத்தினோம். ஜன்னலுக்குச் சாக்கு கட்டினோம். என் மிஷினை மூடி போட்டு மூடினேன். கணவர் தறிக்குழிக்குள் இறங்கவே இல்லை. தெருவும் அப்படியே இருந்தது. அங்கே பிறந்தவர்களுக்குத் தெரியும், எங்கள் தெருவில் அமைதி என்று ஒன்று கிடையாது. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை ஏதாவது ஒரு தறி அடித்துக்கொண்டேயிருக்கும். அது அடங்கியதும் அதுவரை கேட்காததெல்லாம் கேட்டது. ஓட்டின் மேல் காகம் தத்துவது கேட்டது. பல்லி கத்துவது கேட்டது. மூன்றாம் வீட்டில் யாரோ அம்மிக் குழவியை நகர்த்துவது கேட்டது. ஒவ்வொன்றுக்கும் அவன் உடம்பு ஒரு வெட்டு வெட்டியது. வளையவில்லை, வெட்டியது. ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது இருந்ததைவிட அதிகமாக வெட்டியது. நான் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்த சத்தம் எங்கிருந்து வரும் என்று காது கொடுத்துக்கொண்டிருந்தேன். அவனும் அதைத்தான் செய்துகொண்டிருந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் காலையில் கஞ்சி கொடுக்கும்போது, பல்லிடுக்கு வழியாகக் கேட்டான்.

"அம்மா, யாரு செத்தா?"

"யாரும் சாகலப்பா."

"அப்ப ஏன் தறி நிக்குது?"

கரண்டியைச் சத்தமில்லாமல் கிண்ணத்தில் வைத்தேன். எங்கள் தெருவில் சாவு விழுந்தால் தறிகள் நிற்கும். உடலை எடுக்கும்வரை யாரும் தறிக்குழிக்குள் இறங்கக் கூடாது. வீடு வீடாகச் செய்தி போகப் போக ஒவ்வொரு தறியாக அடங்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் தெருமுனையில் நின்று காது கொடுத்துவிட்டு, "யாரோ போயிட்டாக" என்று சொல்லிக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைவார்கள். வேறு எதற்கும் தறிகள் மொத்தமாக நின்றதை அந்தப் பிள்ளை தன் ஆயுசில் கண்டதில்லை. நேற்றிலிருந்து நிற்கிறது, பாடையும் போகவில்லை. அப்படியென்றால் சாவு இன்னும் நடக்கவில்லை, அதற்காகக் காத்திருக்கிறார்கள். இருட்டு அறையில் கிடந்து அவன் போட்ட கணக்கு அதுதான்.

"ஒனக்கு ஓய்வு வேணும்னு நிறுத்தியிருக்காகப்பா" என்றேன்.

அவன் நம்பவில்லை. அவன் கண்ணில் தெரிந்தது. அடுத்த நொடி வளைந்தான். எந்தச் சத்தமும் இல்லாமலே வளைந்தான். என் கணவர் ஓடிவந்து தலைமாட்டில் நின்றார். தொடவும் கூடாது. இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு, அவன் இறங்கும்வரை நின்றோம். இறங்கினான்.

கொல்லைப்புறம் வந்ததும் அவர், "கார் புடிச்சுட்டு வரட்டா? மதுரைக்கே போயிருவோம்" என்றார்.

"போற வழியில ஆரன் அடிப்பானே. ரோட்டுல குழி இல்லாத இடம் எது?"

"அப்ப தெருவுல சொல்லி தறிய ஓட்டச் சொல்லுறேன்."

"மொத அடிக்கே புள்ள தாங்காது."

அதுதான் சிக்கல். தறி ஓடிக்கொண்டிருந்தால் அவனுக்கு அது சத்தமே இல்லை. ஆனால் நின்றுபோன தெருவில் முதல் அடி விழும்போது அது இடிபோல விழும். நிற்கவும் கூடாது, தொடங்கவும் கூடாது. ஏதாவது ஒரு சிறிய சத்தம், அடுத்தது எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரிகிற சத்தம், இலை அசைகிற அளவில் தொடங்க வேண்டும். வீட்டில் அப்படி எதுவும் இல்லை. மிஷின்தான் இருந்தது, அதுவும் சண்டைக்காரி.

மிஷினை இரண்டு பேருமாகத் தூக்கிக் கொல்லைக்குக் கொண்டுபோனோம். அவர் போய் உள்ளறை வாசலில் நின்றுகொள்வார். நான் கொல்லையில் ஒரு எழுத்து அடிப்பேன். அவருக்குக் கேட்டால் கையைத் தூக்குவார். முதலில் அடித்த எழுத்துக்கே கை தூக்கியபடி ஓடிவந்தார்.

பாதிச் சத்தம் மேசையுடையது என்று எனக்குத் தெரியும். மரப்பலகை சத்தத்தைப் பறை மாதிரி வாங்கிப் பெரிதாக்கும். கழிவு நூலைச் சாக்கில் திணித்து அதன் மேல் மிஷினை வைத்தேன். சத்தம் செத்தது, ஆனால் மிஷின் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தாளோடு நகரும் மேல்பகுதி, கேரேஜ், பாதியில் நின்றுவிட்டது. சாக்கைத் தட்டையாக மடித்துப் போட்டு, மிஷினின் நான்கு காலுக்கும் கீழே பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி மடித்து வைத்தேன். அப்போது நேராக நின்றது. அடிப்பாகம் திறந்திருக்கும், சத்தம் அது வழியாக இறங்கித் தரையில் பட்டுத் திரும்பும். அதற்குள் பஞ்சு வைத்து அடைத்தேன். பக்கவாட்டுத் துவாரங்களிலும் துணி திணித்தேன், எழுத்துக் கம்பிகளில் மாட்டிக்கொள்ளாதபடி.

மணியை என் கணவர் பார்த்துக்கொண்டார். மணி நாக்கை ஒற்றை நூலால் இழுத்து, தறியில் அறுந்த பாவு இழையை முடிகிற முடிச்சைப் போட்டுவிட்டார். அதன் பிறகு வரி முடிவது தெரியாது. அளவுகோலைப் பார்த்துப் பார்த்துத்தான் அடிக்க வேண்டும்.

அடுத்தது ரோலர். அந்த மிஷின் ரோலர் வயதாகிக் கல்லாக இறுகியிருந்தது. எழுத்து அதில் மோதும் சத்தம்தான் மாமாவுக்கு எரிச்சல் மூட்டிய சத்தம். அடிக்கும் தாளுக்குப் பின்னால் வேறு இரண்டு தாள் வைத்தேன். போதவில்லை. பழைய ரவிக்கைத் துணியை ஒரு சுற்று சுற்றினேன். எழுத்து மழுங்கியது, கார்பன் வைத்தால் கீழ்த்தாளில் ஒன்றுமே விழாது. விழ வேண்டிய அவசியமும் இல்லை. யாருக்கும் கொடுக்கப்போகிற தாள் அல்ல.

கேரேஜைத் திருப்பும்போது வரும் 'கரகர' சத்தத்தை மட்டும் எதுவும் செய்ய முடியவில்லை. விசையை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் குழந்தையைத் தொட்டிலில் இறக்குகிற மாதிரி மெதுவாகத் தள்ளிக்கொண்டு வந்தால் பாதியாகக் குறைந்தது.

அத்தனை துணியையும் சாக்கையும் பார்த்துவிட்டு என் கணவர் மெதுவாக, "பாடை கட்டுற மாதிரியில்ல இருக்கு" என்றார். சொல்லிவிட்டு அவரே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்று வெயில் இறங்கும் நேரத்தில் மிஷினைக் கூடத்துக்கும் பின்கட்டுக்கும் நடுவில் வைத்தேன். அவனிடம் போய், "அம்மா மிசினுல அடிக்கப்போறேன். மெதுவா இருக்கும். ஒண்ணு விட்டு ஒண்ணு வரும். நிக்காது" என்று சொன்னேன். கண்ணை மூடித் திறந்தான்.

மனுவோ பத்திரமோ அடித்தால் சீராக வராது என்று எனக்குத் தெரியும். தமிழ் மிஷினில் புள்ளி விசையை அடித்தால் கேரேஜ் நகராது. அடுத்த எழுத்தோடுதான் நகரும். அதனால் ஒரு அடி கனமாகவும் ஒரு அடி மெலிதாகவும் நொண்டி நொண்டி வரும். ஆகவே இன்ஸ்டிட்யூட்டில் முதல் நாள் சொல்லிக்கொடுத்த பாடத்தையே அடித்தேன். ய, ள, ன, க. ய, ள, ன, க. இடது கை நான்கு விரல், ஒரே அழுத்தம், ஒரே இடைவெளி. என்னைச் சேர்த்துவிட்ட அன்று என் அப்பா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பாடம் அது. பொருளில்லாத எழுத்துகள். அவற்றை என் பிள்ளைக்காக அடிப்பேன் என்று யார் நினைத்தார்கள்?

முதல் எழுத்துக்கு அவன் உடம்பு வெட்டியது. இரண்டாவதுக்கும் வெட்டியது. விரலை எடுத்துவிடலாமா என்று நினைத்தேன். எடுத்தால் மறுபடி முதல் எழுத்திலிருந்துதானே தொடங்க வேண்டும். அடித்துக்கொண்டே இருந்தேன். உள்ளறை வாசலில் நின்ற என் கணவரின் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தக் கை பாதி தூக்கியபடி நின்றது. பிறகு இறங்கியது.

நானும் அவரும் மாறி மாறி அடித்தோம். அவருக்கு டைப் தெரியாது. ஒரே விரலால் ஒரே எழுத்தை அடிப்பார். நெசவுக்காரர் அல்லவா, என்னைவிடச் சீராக வந்தது. காகம் தத்தினாலும் குழவி நகர்ந்தாலும் அந்தச் சத்தத்துக்குள் அது கரைந்துவிடும். அவன் தூங்கத் தொடங்கினான். ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து மருந்தில்லாமல் தூங்கியது அப்போதுதான்.

பிறகு தெருவில் போய்ச் சொன்னேன். கோடி வீட்டுத் தறி முதலில் தொடங்கட்டும், மெதுவாக. அது பழகின பிறகு அதற்கு இந்தப் பக்கம். வேறு தெருவாக இருந்தால் பைத்தியம் என்றிருப்பார்கள். கோடி வீட்டுக்காரர், "நீ கைய ஆட்டு, நான் கால மிதிக்கிறேன்" என்றார், அவ்வளவுதான். அப்படியே ஒவ்வொரு தறியாக உயிர் வந்தது. ஒவ்வொன்று சேரும்போதும் நான் மிஷினிலிருந்து ஒரு துணியை எடுத்துவிட்டுக் கொஞ்சம் ஓங்கி அடிப்பேன், புதுச் சத்தம் தனியாகத் தெரியாமல் இருக்க. எங்கள் வீட்டுத் தறியும் தொடங்கியது. பொழுது சாய்ந்து தறி அடங்குவது அவனுக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம், தினமும் காலையில் மட்டும் மிஷினில் தொடங்கி இதே வரிசையில் தறிகள் சேரும்.

பக்கத்து வீட்டுத் தறிதான் பாக்கி. சுவரை ஒட்டிய தறி. மாமா கொல்லைக் கதவு வழியாக, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். துணிகளுக்கு நடுவில் முணுமுணுத்துக்கொண்டிருந்த மிஷினைப் பார்த்தார்.

"நான் சொன்னப்ப சத்தத்தக் கொறச்சியா நீ" என்றார், காதோடு.

"நீங்க எப்ப மாமா தொடங்குறீங்க?"

"என்னுது இந்தச் சுவரையே ஆட்டும். நான் கடைசியா வாரேன். பய வாயத் தொறந்து ஒரு இட்லி தின்னட்டும், அப்புறம் வாரேன். எனக்கென்ன, தறி எங்க போகப்போகுது?"

கிட்டத்தட்ட ஒரு மாதம் அவர் தறிக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். கொல்லையில் துணி உலர்த்தும்போது அவர் வீட்டு ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். கை இரண்டும் மடியில் இருக்கும். என்னைக் கண்டால் தலையை ஆட்டி, "பய தின்னானா?" என்று வாயை மட்டும் அசைப்பார். இன்னும் இல்லை என்று நான் கையைக் காட்டுவேன்.

ஒரு காலையில் அவருடைய மருமகள் கொல்லைக் கதவில் வந்து நின்றாள். தலை அவிழ்ந்திருந்தது. முந்தானையை வாயில் திணித்திருந்தாள், எடுத்துவிட்டுப் பேசினாள்.

"அக்கா, மாமா போயிட்டாக. காப்பி கொண்டுபோனா, சாஞ்சாப்புல இருக்காக. நாங்க யாரும் சத்தம் போடலக்கா. சங்கும் வேண்டாம்னு அவுக மகன் சொல்லிட்டாரு. ஆனா தறி நிக்குமேக்கா. அத எப்படி வேண்டாங்கிறது?"

அதை வேண்டாம் என்று கேட்க எனக்கும் வாய் வரவில்லை. அவர் ஆயுசு முழுக்க ஓட்டிய தறிக்கு அந்தத் தெரு ஒரு நாள் நிற்க வேண்டாமா?

ஓடிப்போய் மிஷின் முன்னால் உட்கார்ந்தேன். ரோலர் துணியை உருவினேன். பக்கவாட்டில் மிச்சமிருந்த துணிகளைப் பிடுங்கினேன். ய, ள, ன, க. தெருக்கோடியில் ஒரு தறி அடங்கியது. அதற்கு இந்தப் பக்கம் ஒன்று. செய்தி எங்கள் வீட்டை நோக்கி வந்துகொண்டிருந்தது. ஓங்கி அடித்தேன். என் கணவர் தறிக்குழியிலிருந்து ஏறி வந்து என்னைப் பார்த்தபடி நின்றார். அவருடைய தறியும் நின்றாயிற்று. கடைசியில் தெரு முழுவதற்கும் என் மிஷின் ஒன்றுதான் சத்தம். வரி முடிந்தது. கேரேஜைத் திருப்பும் அந்த இடைவெளியில் தெருவின் அமைதி அப்படியே கேட்டது.

"அம்மா, நிறுத்தும்மா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அடித்துக்கொண்டே இருந்தேன்.

"நிறுத்து. தறி நின்னுருச்சுன்னு எனக்குத் தெரியும்."

உள்ளே போனேன். கண்ணை அகலத் திறந்து வைத்திருந்தான். இரண்டு கையும் விரிப்பைப் பிடித்திருந்தன.

"யாரு?"

பொய் சொல்லலாம் என்று ஒரு நொடி நினைத்தேன். போன தடவை உண்மையைச் சொல்லியே நம்பவில்லை. இப்போது பொய்யைச் சொன்னால் என்ன ஆகும்?

"பக்கத்து வீட்டுத் தாத்தாப்பா."

நான் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன், எப்போது தூக்கும் என்று. பரளச்சிக் குழந்தை கண்முன்னால் வந்து நின்றது. தூக்கவில்லை.

"நெசமாவா?"

"நெசமாப்பா."

"அப்ப எனக்கில்ல" என்றான்.

விரிப்பிலிருந்து விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. மூச்சை விட்டுக் கண்ணை மூடினான். சற்று நேரத்தில் தூங்கிவிட்டான். தறி ஓடாத தெருவில், பகல் நேரத்தில், மிஷினும் ஓடாமல், தூங்கினான். நான் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம், வாய்க்குள் துணியை வைத்துக்கொண்டு பெண்கள் அழும் விம்மல் மட்டும் என் முதுகில் அதிர்ந்தது. எனக்குள் இருந்தது துக்கம் அல்ல. அதற்கு என்ன பெயர் என்று தெரியும். எழுத மனம் வரவில்லை.

சங்கில்லாமல் எடுத்தார்கள். தெருவைத் தாண்டி மெயின் ரோட்டுக்குப் போன பிறகுதான் சங்கு ஊதியது. அவன் புரண்டுகூடப் படுக்கவில்லை.

இதெல்லாம் நடந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. அவன் இப்போது பெரிய பள்ளிக்கூடத்தில் படிக்கிறான். செருப்பைப் போடச் சொன்னால் மறந்துவிடுகிறான். தட்டைத் தரையில் 'டங்'கென்று வைப்பான். உடம்பு தூக்கிப்போடுவது எனக்குத்தான். மிஷினில் மணி நாக்கு இன்னும் கட்டியபடியேதான் இருக்கிறது. திருச்சுழிப் பத்திரக்காரர்கள் வரி ஓரம் தாண்டிப் போகிறது என்று குறை சொல்லி அனுப்புகிறார்கள்.

அப்போது மாமாவின் காரியம் முடிந்து சில நாள் கழித்து, அவருடைய மருமகளோடு கொல்லையில் நின்றிருந்தேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே சொன்னாள்:

"தறியில உக்காந்திருந்தாகன்னா இன்னுங் கொஞ்ச நாள் இருந்திருப்பாகக்கா. கைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்தே இருந்தாக. அதுலதான் தளந்துட்டாக. குத்தமாச் சொல்லல. மனசுல பட்டுச்சு, சொன்னேன்."

நானும் அந்த அரிசியில் கையை விட்டு ஒரு கல்லைப் பொறுக்கிப் போட்டேன். உள்ளே வந்தேன். என் கணவர் அவனைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்து இட்லியைப் பிட்டு நீட்டிக்கொண்டிருந்தார். வாய் நன்றாகத் திறந்தது. மென்றான். சுவருக்கு அந்தப் பக்கத்துத் தறி ஓடவில்லை.